கொஞ்சம் இரு

அத்தியாயம் 14

“நீ ஏன் இப்பல்லாம் பக்தாவ அண்ணான்னு கூப்பிடறது இல்ல?”

கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காதவள்போல, வாளியிலிருந்து அடுத்த துணியை எடுத்து உதறினாள் தபீதாள்.

ரோஸி கையிலிருந்த கிளிப்பை மொட்டைமாடிக் கொடியில் மாட்டினாள். துணி இல்லாத இடத்தில் மாட்டியதைப் பார்த்து, மறுபடி எடுத்தாள். அப்படியா, தான் கவனிக்கவில்லையே என்றாள்.

“நான் கவனிச்சேன்” என்றாள் தபீதாள். ரோஸியின் கணவன் பிரசன்னாவை அவனுடைய அரைக்கால் சட்டை வயதிலிருந்து வளர்த்த அக்கா அவள். பல்லாவரத்தில் ஒரு மருத்துவமனையில் வார்டு ஆயா. வீடு பொழிச்சலூரில். தம்பிக்கு அடிபட்டதிலிருந்து, விடுப்பு கிடைக்கிற நாளெல்லாம் முடிச்சூரில் இவர்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். நோயாளிகளைப் பார்த்துப் பார்த்துப் பழகியதாலோ என்னவோ, யார் எதை மறைக்கிறார்கள் என்பது அவளுக்குச் சீக்கிரம் தெரிந்துவிடும். தெரிந்ததைச் சொல்லிக் காட்டுகிற வழக்கம்தான் இல்லை. இன்று சொல்லியிருக்கிறாள்.

பிரசன்னா, ரோஸி, பக்தா என்கிற பக்தவச்சலம் மூன்று பேரும் ஒரே லாண்டரியில் வேலை பார்த்தவர்கள். மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளும் ஓட்டல் துவாலைகளும் லாரியில் வந்து இறங்கி, வெளுத்து, மடித்து, மறுபடி லாரியேறும் பெரிய லாண்டரி. பிரசன்னா ‘ஹைட்ரோ’வில் இருந்தான். துவைத்த துணியைச் சுழற்றிப் பிழியும் இயந்திரத்துக்கு அங்கே அதுதான் பெயர். ரோஸி மடிக்கிற பிரிவில் இருந்தாள். அங்கேதான் காதல், பிறகு கல்யாணம், பிறகு மகள் ஜோசலின். பக்தவச்சலம் அங்கே ஃபிட்டர். கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவனே அவன்தான்.

போன மழைக்காலத்தில் ஹைட்ரோ பிரசன்னாவின் வலக்கையை மணிக்கட்டோடு எடுத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும், இவர்கள் கோயிலிலிருந்து திரும்பும் நேரம் பார்த்து, பக்தவச்சலம் வந்துவிடுவான். பிரசன்னாவுக்குச் சவரம் செய்துவிடுவான். ஏரிக்கரை வரை நடக்கக் கூட்டிப்போவான். இடக்கை நகங்களை வெட்டிவிடுவான். வலக்கை இல்லாதவன் இடக்கை நகத்தை எப்படி வெட்டிக்கொள்வான் என்று முதலில் யோசித்தது மனைவியும் இல்லை, அக்காவும் இல்லை. பக்தாதான்.

கீழே கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. ரோஸி வாளியை அப்படியே விட்டுவிட்டு இறங்கினாள். யார் வந்திருந்தாலும் சரி, தபீதாளின் அருகிலிருந்து நகர்ந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

வந்தவர் லாண்டரி மேனேஜர் ஷ்யாம்சுந்தர். வெள்ளத்துக்குப் பிறகு உயர்த்திக் கட்டிய படிகளில் மெதுவாக ஏறி வந்து, பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். ஜோசலின் எந்த வகுப்பு படிக்கிறாள் என்று விசாரித்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. தனக்கு மேலே இருப்பவரிடம் தினமும் திட்டு வாங்குகிறவர்.

மதியம் தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. அதற்காகத்தான் வந்திருந்தார். இயந்திரத்தில் தவறில்லை, மூடியின் லாக் சுவிட்ச் சரியாக இருந்ததை அதிகாரிகளே அன்று சோதித்துப் பார்த்துவிட்டார்கள் என்றார். சுழற்சி நிற்காமல் அந்த மூடி திறக்காது. திறந்திருக்கிறது என்றால் யாரோ நெம்பியிருக்க வேண்டும். அவசரத்தில் அப்படிச் செய்துவிட்டேன் என்று பிரசன்னா ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், விஷயம் இன்றோடு முடியும். கேட்டில் உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்று காலியாக இருக்கிறது.

பிரசன்னா வலக்கை முனையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டான்.

“சொல்றதுக்கு இன்னா சார். நடந்தது அதான. அன்னிக்கு பாப்பாவுக்கு ஸ்கூல்ல டான்ஸு. சீக்கிரம் கெளம்பணும்னு அவசரம். நெம்பியிருப்பேன்.”

ஷ்யாம்சுந்தர் தலையை ஆட்டினார். ரோஸி சமையலறை வாசலில் நின்று, அந்த ‘இருப்பேன்’ என்ற பாதிச் சொல்லைக் கேட்டாள்.

பிரசன்னாவுக்கு அந்தக் கணம் ஞாபகத்தில் இல்லை. ஈரத் துணி கையைச் சுற்றிக்கொண்டது மட்டும்தான் தெரியும். மருத்துவமனையில் கண் விழித்தபோது மற்றவர்கள் சொன்னதை எடுத்துக்கொண்டான். சில மாதங்களில் அது அவன் ஞாபகமாகவே ஆகிவிட்டது. சாயங்காலங்களில் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு, “அவசரப்பட்டுட்டேன்” என்பான். மகளுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தான், அப்பா மாதிரி எதுக்கும் அவசரப்படக் கூடாதென்று. எட்டு வயதுப் பெண் இப்போது சோற்றைக்கூட நிதானமாகத்தான் மெல்லுகிறாள். ஓடிப் பிடித்து விளையாடுவதை நிறுத்திவிட்டாள்.

கிளம்பும்போது ஷ்யாம்சுந்தர் படியில் நின்று, பக்தவச்சலமும் மதியம் வருகிறார், சுவிட்ச் சரியாக இருந்ததென்று அவரும் சொல்வார் என்றார். பிரசன்னாவிடம்தான் சொன்னார். பார்த்தது ரோஸியை.

உண்மையில் நடந்தது இதுதான்.

விபத்துக்கு முந்தின நாளிலிருந்தே லாக் சுவிட்ச் மக்கர் செய்துகொண்டிருந்தது. இயந்திரம் நடுவில் நடுவில் நின்றது. மருத்துவமனைச் சரக்கு போயாக வேண்டும் என்று ஷ்யாம்சுந்தர் அவசரப்படுத்த, பக்தவச்சலம் ஒரு ஒயரைக் கொடுத்து சுவிட்சைக் கட்டிவிட்டான். அதன்பின் சுழற்சி நிற்காவிட்டாலும் மூடி திறக்கும். மறுநாள் மதியம் புது சுவிட்ச் வந்தது. டீ நேரத்தில் மாட்டிவிடுகிறேன் என்று பிரசன்னாவிடம் சொன்னான். பிரசன்னாவும் நம்பினான்.

டீ நேரத்தில் ரோஸி லாண்டரி மொட்டைமாடியில் கம்பளிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். வானம் கறுத்திருந்தது. பக்தவச்சலம் மேலே வந்தான். அவன் வருவான் என்று அவளுக்குத் தெரியும். சில மாதங்களாகவே ஏதாவது ஒரு காரணத்தோடு வந்துகொண்டிருந்தான். காரணம் இல்லாத நாட்களில் அவளுக்கு மாடி பெரியதாகத் தெரியும்.

பிரசன்னா நல்லவன். கெட்டவனாக இருந்திருந்தால், சாய்ந்துகொள்ள அவளுக்கு ஒரு காரணமாவது இருந்திருக்கும். வேலை, வீடு, பாத்திரம், தூக்கம் என்று இரண்டு பேரும் ஒரே நுகத்தில் இழுத்துக்கொண்டிருந்தார்கள். களைத்துப்போய் ஒருவரையொருவர் பார்க்காமலே படுத்துவிடுவார்கள். பக்தா பார்த்தான். இன்றைக்கு ஏன் முகம் வாடியிருக்கிறது என்று கேட்டான். அவ்வளவுதான் ஆரம்பம்.

அவன் சட்டைப் பையில் பிளாஸ்டிக் உறையோடு ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. என்னவென்று கேட்டாள். ஹைட்ரோவுக்குப் புது சுவிட்ச், சின்ன வேலைதான், மாட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் படியை நோக்கித் திரும்பினான்.

“கொஞ்சம் இரு” என்றாள் ரோஸி.

நின்றான். தொங்கிய இரண்டு கம்பளிகளுக்கு நடுவே அவள் கையைப் பிடித்தான். அவள் எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. டீ நேரம் முடிந்த மணி அடித்ததும், கீழே இயந்திரங்கள் ஓடத் தொடங்கியதும் கேட்டன. அப்போதும் எடுக்கவில்லை. அப்புறம்தான் அந்தச் சத்தம் வந்தது.

அதிகாரிகள் வருவதற்கு முன், அன்று சாயங்காலமே, ஷ்யாம்சுந்தர் சொல்லி பக்தவச்சலம் அந்தப் புது சுவிட்சை மாட்டினான்.

மேனேஜரின் கார் தெருவைத் தாண்டியதும் ரோஸி செருப்பை மாட்டினாள். விபத்துக்குப் பிறகு அவள் லாண்டரிப் பக்கம் போகவில்லை. வீட்டுக்கு அருகிலேயே ஒரு மாவு கம்பெனியில் இட்லி மாவு பாக்கெட் போடுகிறாள். அங்கே போய் மதியத்துக்கு லீவு சொல்லிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். தெருமுனை திரும்பியதும் பக்தவச்சலத்துக்கு போன் செய்தாள். தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்துக்கு வரச் சொன்னான்.

அவன் லாண்டரியின் நீலச் சட்டையோடு வந்திருந்தான். கிரீஸ் படிந்த கைகளை அவள் பார்க்காதபடி பின்னால் கட்டிக்கொண்டான். பாலத்தில் ஆட்கள் இரு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் கம்பியோரமாக ஒதுங்கி நின்றார்கள். அந்த மாடிக்குப் பிறகு இருவரும் தனியாக நிற்பது இதுதான் முதல் முறை.

“இன்னிக்கு இன்னா சொல்லப் போற?”

“மேனேஜர் சொன்னத.”

“அது பொய்யி.”

“பொய்தான்” என்றான் பக்தவச்சலம். “நெஜத்தச் சொன்னா, டீ டைம்ல எங்க இருந்தன்னு கேப்பாங்க. மாடியிலன்னு சொல்லணும். மாடியில உனுக்கு இன்னா வேலைன்னு கேப்பாங்க. அப்ப யார் பேரு வரும்? உனுக்காகத்தான் ரோஸி வாய மூடிகினு கீறேன்.”

“எனுக்காகன்னு சொல்லாத. எம்மேல ஏற்கெனவே ஒண்ணு கீது. இத்தயும் ஏத்தாத.”

அவன் தண்டவாளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு வேலைக்குப் பயந்ததை ஒப்புக்கொண்டான். கூடுவாஞ்சேரியில் ஒண்டிக் குடித்தனம், கல்யாணமும் இல்லை, இந்த வயதில் கெட்ட பேரோடு வெளியே போனால் எவன் வேலை கொடுப்பான் என்றான்.

“அதுக்கும் மேல ஒண்ணு கீது” என்றான். “சொல்லிட்டா ஞாயித்துக்கெழம உங்க வூட்டுக்கு வர முடியாது.”

என்னைப் பார்க்கத்தானே என்று ரோஸி கேட்டாள். கோபமாகத்தான் கேட்க நினைத்தாள். குரல் அப்படி வரவில்லை.

“மொதல்ல உன்னப் பாக்கத்தான் வந்தேன். இப்ப தெரியல. நகம் வெட்ட அவன் கைய நீட்டுவான் பாரு. எங்கையில குடுத்துட்டு, அவன் பாட்டுக்கு டிவி பாத்துகினு இருப்பான். அப்ப எனுக்கு...”

கீழே செங்கல்பட்டு வண்டி வந்து நின்றது. பாலம் லேசாக அதிர்ந்தது. ஏறி வந்த கூட்டம் அவர்களை இன்னும் கம்பியோடு நெருக்கியது. அவன் தோள் பட்டுவிடாமல் அவளும், அவள் தோள் பட்டுவிடாமல் அவனும் ஒதுங்கி நின்றார்கள்.

கூட்டம் கரைந்ததும் ரோஸி சொன்னாள். தன் கையைத் தானே போக்கிக்கொண்டதாகப் பிரசன்னா நம்புகிறான். பாப்பாவுக்கும் அப்படியே சொல்லி வளர்க்கிறான். இதற்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. விசாரணைக்குப் போகுமுன் அவனிடம் சொல்லப் போகிறேன்.

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

பக்தவச்சலம் கண்ணை மூடித் திறந்தான்.

“நீ வர்றதும் வராததும் உன் இஷ்டம்” என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள். அந்தச் சொல்லோடு ஒரு ‘அண்ணா’ சேர்க்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சேர்த்தால் அதுவும் பொய்யாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது பிரசன்னா வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, இடக்கையால் பொத்தான்களோடு போராடிக்கொண்டிருந்தான். தபீதாள் உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஒரே கூடம், ஒரே சமையலறை. இங்கே பேசினால் அங்கே கேட்கும். அக்கா வெளியே போகும்வரை காத்திருக்கலாமா என்று யோசித்தாள் ரோஸி. காத்திருந்தால் பேச மாட்டோம் என்று தெரிந்தது.

“நீ மூடிய நெம்பல.”

அவன் நிமிர்ந்தான்.

“சுவிட்சு மாட்டவே இல்ல. பழைய சுவிட்சக் கட்டி வெச்சிருந்தது அப்டியேதான் இருந்துச்சு. மூடி தானா தெறந்துச்சு. உம்மேல தப்பு ஒண்ணும் இல்ல.”

“உனுக்கு எப்டித் தெரியும்?”

“புது சுவிட்சு பக்தா ஜோபில இருந்துச்சு. நான் பாத்தேன். மாடிக்கு வந்தாரு. மாட்டப் போறேன்னுதான் திரும்புனாரு. நான்தான் கொஞ்சம் இருன்னேன்.”

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

பிரசன்னா கட்டிலில் உட்கார்ந்தான். அவன் கேட்கப் போவதற்கு ரோஸி தயாராக நின்றாள். வழியெல்லாம் அதற்குத்தான் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். ஆனால் அவன் அதைக் கேட்கவில்லை.

“அப்ப நான் நெம்பல” என்றான்.

“இல்ல.”

“நானா செஞ்சிக்கல.”

“இல்லப்பா.”

அவன் உதடு கோணியது. சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை. கை முனையைத் தூக்கி, இடக்கையால் அதைத் தடவினான். இவ்வளவு நாளும் அடங்காத பிள்ளையை முறைப்பதுபோலத்தான் அதை முறைத்துவந்தான். இப்போதுதான் பாவமாகப் பார்த்தான். கண்ணீர் வழிந்தது. துடைக்க அவனுக்குத் தோன்றவில்லை. பாப்பாவிடம் சொல்லணும் என்று முணுமுணுத்தான். வேகமா ஓடு, பரவால்லன்னு சொல்லணும்.

ரோஸி அவன் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாள் இதை வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்தோமே என்பது அவளுக்கு அடித்துப் போட்டதுபோல வலித்தது.

மற்றது மெதுவாகத்தான் அவனுக்கு வந்து சேர்ந்தது. தடவிக்கொண்டிருந்த கை நின்றது.

“எதுக்கு இருன்ன?”

அவள் சொன்னாள். கையைப் பிடித்தான் என்றாள். எடுக்கவில்லை என்றாள்.

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான். ஆனா அவ்ளோதான்னு சொல்லித் தப்பிச்சிக்க மாட்டேன். எனுக்குப் புடிச்சிருந்துச்சு.”

பிரசன்னா எழுந்தான். மறுபடி பொத்தானில் கை வைத்தான். விரல்கள் நழுவின. ரோஸி எழுந்து கிட்டே போனாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். தபீதாள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து, தம்பியைத் தன் பக்கம் திருப்பி, எல்லாப் பொத்தான்களையும் போட்டுவிட்டாள். நேரமாயிற்று என்றாள். ரோஸியைப் பார்க்கவில்லை.

ஷேர் ஆட்டோவில் பிரசன்னா டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தான். பெண்கள் இருவரும் பின்னால். தாம்பரத்தில் இறங்கினார்கள்.

விசாரணை ஒரு மாடி அறையில் நடந்தது. அதிகாரி ஐம்பது வயதுப் பெண்மணி. தொண்டை கட்டியிருந்ததால் மெல்லப் பேசினார். எதிரே ஷ்யாம்சுந்தர், மடித்த கைக்குட்டையோடு. பக்தவச்சலத்தைக் காணவில்லை.

என்ன நடந்ததென்று பிரசன்னாவே சொல்லலாம் என்றார் அதிகாரி. ஷ்யாம்சுந்தர் அவனைப் பார்த்துத் தைரியம் சொல்வதுபோலத் தலையசைத்தார்.

“நான் நெம்பல மேடம்” என்றான் பிரசன்னா. “லாக் சுவிட்ச கட்டி வெச்சிருந்தாங்க. மூடி தெறந்துச்சு, மெஷின் நின்னுடுச்சின்னு நெனச்சிக் கைய வுட்டிருப்பேன்.”

ஷ்யாம்சுந்தர் எழுந்துவிட்டார். காலையில் இவர் சொன்னது வேறு, சுவிட்ச் சரியாக இருந்ததற்குச் சோதனை முடிவே இருக்கிறது என்றார். அவரை உட்காரச் சொல்லிவிட்டு, இது இப்போது எப்படித் தெரிந்தது என்று அதிகாரி பிரசன்னாவைக் கேட்டார். அவன் குனிந்து கை முனையைப் பார்த்தான். யாரைச் சொல்வது என்று யோசிக்கிறான் என்பது பக்கத்து நாற்காலியில் இருந்த ரோஸிக்குப் புரிந்தது. அவன் அவளைக் காட்டிக்கொடுக்க விரும்பவில்லை. அதுதான் அவளை இன்னும் சுட்டது.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு பக்தவச்சலம் வந்தான். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. உட்காரச் சொன்னதற்கு வேண்டாமென்று நின்றுகொண்டே பேசினான். முந்தின நாள் சுவிட்சைக் கட்டியது தான்தான். புது சுவிட்சை மாட்டியது கை போனதற்கு அப்புறம்தான். இவ்வளவு நாள் சொல்லாமல் இருந்ததும் தன் தப்புதான்.

டீ நேரத்திலேயே ஏன் மாட்டவில்லை, எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார் அதிகாரி.

“வெளிய... டீ குடிக்கப் போய்ட்டேன் மேடம்.”

ரோஸி எழுந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

“இல்ல மேடம். எங்கூட மாடில இருந்தாரு. வேலைக்குப் போறேன்னுதான் சொன்னாரு. நான்தான் இருக்கச் சொன்னேன்.”

தபீதாள் தலையைக் குனிந்துகொண்டாள். பக்தவச்சலம் சுவரில் சாய்ந்தான். அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ரோஸியைப் பார்த்தார், அவள் பக்கத்தில் தரையைப் பார்த்தபடி இருந்த பிரசன்னாவையும் பார்த்தார்.

“உட்காரும்மா” என்றார். “யார் யாரை இருக்கச் சொன்னாங்கன்றது எனக்கு வேணாம். கட்டின சுவிட்சோட அந்த மெஷினை ஓட்டச் சொன்னது யாரு? அதைத்தான் நான் கேக்கணும். நீ சொல்றது இந்த ஆபீஸ்ல தீர்ற விஷயம் இல்ல.”

ரோஸி உட்கார்ந்தாள். தண்டனை ஏதாவது கொடுத்திருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பாள். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தது கனமாக இருந்தது.

கட்டச் சொன்னது யார் என்று அதிகாரி மறுபடி கேட்டார். பக்தவச்சலம் ஷ்யாம்சுந்தரைப் பார்த்தான். மேனேஜர் சார் சொன்னார், ஆனால் கட்டியது என் கைதான் என்றான். ஷ்யாம்சுந்தர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, முதலாளியிடம் பேச அனுமதி கேட்டார். இயந்திரத்தை மறுபடி சோதிக்க வேண்டும், முன்பு சோதித்தவர்களையும் விசாரிக்க வேண்டும் என்று சொல்லி, அதிகாரி இன்னொரு நாளைக் குறித்தார்.

கீழே, மாடிப்படி முடிகிற இடத்தில் பக்தவச்சலம் நின்றுகொண்டிருந்தான். போகலாமா, நிற்கலாமா என்று தெரியாமல் நின்றான். பிரசன்னா நேராக அவனிடம் போனான். அடிக்கப் போகிறானோ என்று தபீதாள் ஓரடி முன்னால் வைத்தாள்.

“ஞாயித்துக்கெழம வராத” என்றான் பிரசன்னா.

பக்தவச்சலம் தலையசைத்தான். ஸ்டேஷன் பக்கம் நடந்தான். அவன் போவதையே பிரசன்னா பார்த்துக்கொண்டிருந்தான். பதினைந்து வருஷத்துச் சிநேகிதன் கூட்டத்தில் மறைய நேரமாகவில்லை.

தபீதாள் தம்பியின் இடக்கையைப் பிடித்தாள். பொழிச்சலூருக்கு வந்துவிடு, இரண்டு நாள் இரு, மனசு ஆறினதும் போகலாம் என்றாள். ரோஸியின் காதில் விழட்டும் என்று சொல்லவில்லை. விழக்கூடாது என்றும் சொல்லவில்லை. பல்லாவரம் போகிற பஸ் நிறுத்தத்துக்கு வந்து நின்றிருந்தது.

ரோஸி சற்றுத் தள்ளி நின்றாள். போகாதே என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. யாரையும் இருக்கச் சொல்லும் உரிமை தனக்கு இல்லை என்று தோன்றியது.

பிரசன்னா அக்காவின் கையை மெல்ல விடுவித்தான்.

“பாப்பா ஸ்கூல் வுட்டு வந்துரும்க்கா” என்றான்.

தபீதாள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு ரோஸியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது. கோபம் மட்டும் இல்லை. பஸ் நகரத் தொடங்க, அவள் ஏறிக்கொண்டாள்.

பிரசன்னா முன்னால் நடந்தான். ரோஸி பின்னால் நடந்தாள். அவன் வேகம் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பள்ளிக்கூடங்கள் விடுகிற நேரம். ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டிகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போயின. கடக்கிற இடத்தில் அவன் நின்றான். திரும்பிப் பார்க்கவில்லை. அவள் வந்து சேர்வதற்காகத்தான் நிற்கிறான் என்று புரிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. வந்து, ஓரடி விட்டு நின்றாள்.

எதிர்ப் பக்கத்தைப் பார்த்தபடியே கேட்டான்.

“இன்னும் அவன புடிச்சிருக்கா?”

இல்லை என்று சொல்வது சுலபம். இன்று வீடு திரும்பியதிலிருந்து ரோஸி சொன்னதெல்லாம் உண்மை. பாலத்துக் கம்பியோரமாக அவன் தோள் படாமல் ஒதுங்கி நின்றது நினைவுக்கு வந்தது. ஒதுங்க வேண்டியிருந்ததும் நினைவுக்கு வந்தது. வாயைத் திறந்தாள்.

“இப்ப சொல்லாத” என்றான் பிரசன்னா. வண்டிகள் நின்றுவிட்டிருந்தன. “பாப்பா தூங்கட்டும். அப்புறம் சொல்லு.”

இருவரும் சாலையைக் கடந்தார்கள்.